இரண்டு விரல்

ஆடி பிறந்து ஒன்பது நாளாகிறது.
குன்றக்குடிப் பக்கம் மேகம் கூடுவதும் கலைவதுமாய் இருக்கிறது.
மைதானத்துச் செம்மண் காலை ஆறு மணிக்கே
உள்ளங்காலைச் சுடுகிறது.
இன்னும் மூன்று வாரத்தில் முதல் ஆட்டம்.

அடைக்கலராஜ் வாளியில் சுண்ணாம்பு கரைக்கிறான்.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வெள்ளையடித்து மிஞ்சியது.
காரைக்குடியில் எது மிஞ்சினாலும்
கடைசியில் எங்கள் கல்லூரிக்கு வந்துவிடும்.
கோப்பை வைக்கும் அலமாரியும் அப்படித்தான்:
முனீஸ்வரன் கோயில் தெருக் கடையொன்றில்
ஒரு கதவு இல்லாததால்
வெள்ளைக்காரர்கள் வாங்காமல் விட்டது.

அதில் ஒன்பது கோப்பைகள்.
வருடத்துக்கு ஒன்று, இடைவெளியே இல்லை.
பத்தாவதுக்கு இப்போதே இடம் துடைத்தாயிற்று.
சிமெண்ட் கடைக்காரர் தந்த புது ஜெர்ஸியில்
முதுகு முழுக்கப் 'பத்து' என்று அச்சடித்தாயிற்று.
என் நம்பர் ஒன்று
அந்தப் பத்துக்குக் கீழே
சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நல்ல அணிதான்.
கண்டனூரிலிருந்து வரும் சபரிநாதன்
இடது காலால் அடித்தால்
பந்து ஏதோ மறந்துவிட்டுத் திரும்புகிறவன் மாதிரி வளைகிறது.
புதுவயல் தாவூத் ஓடத் தொடங்கினால்
அவன் நிழல் மூச்சிரைக்கிறது.
போன வருடத்து அணியைவிட நல்ல அணி.
போன வருடம் என்று
நான் சொல்லியிருக்க வேண்டாம்.

போன வருடம் நான் மாற்று கோல்கீப்பர்.
மாற்ற வேண்டிய அவசியம் ஒருநாளும் வரவில்லை.
இறுதி ஆட்டத்தில்
வலைக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில்களோடு,
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றுக்குச் சுழியம்.
எண்பத்தெட்டாவது நிமிடம்.
பரமக்குடி அணியின் ஒன்பதாம் நம்பர் தலையால் முட்டினான்.
பந்து மேல்கம்பியில் பட்டு,
கீழே விழுந்து,
மெய்யப்பன் அண்ணன் பாய்ந்து வாரி நெஞ்சோடு அணைத்தார்.
நடுவர் எங்கோ பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.
லைன்ஸ்மேன் முகத்தில் மேற்கு வெயில்.

பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே
எனக்கு மண் தெரிந்தது.
இரண்டு விரல் அகலம்.
முந்தின நாள் மழையில் நனைந்த
சிவப்பு மண்.

ஒன்பதாம் நம்பர் நடுவரிடம் போகவில்லை.
தலையில் கை வைத்தபடி
வலைக் கண்ணி வழியாக
என்னைப் பார்த்தான்.
நான் ஒரு பாட்டில் மூடியைத் திருகினேன்.
ஏற்கெனவே இறுக மூடியிருந்த பாட்டில்.

அன்றிரவு மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும்.
பதினெட்டு சாப்பிட்டேன், எண்ணியவர்கள் சொன்னார்கள்.
கோப்பையை ஆளுக்கு ஒரு தடவை தூக்கினோம்.
கை கழுவும் இடத்தில் அண்ணன் கேட்டார்,
'நீ பின்னாடிதான இருந்த?'
'பாட்டில் எடுத்துக்கிட்டு இருந்தேண்ணே.'
அவர் நெடுநேரம்
ஒரே கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்.
கையுறைகளை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.
எத்தனை தடவை துவைத்தும்
தையல் மடிப்பில் சிவப்பு போகவில்லை.
நேற்றுக் குரல் அனுப்பியிருந்தார்:
'பத்து வரணும்டா.'
அதற்குப் பிறகு பதினோரு நொடி
ஏதோ ஒரு ரயில் சத்தம்.

முதல் ஆட்டமே பரமக்குடியோடு.
ஒன்பதாம் நம்பருக்கு இது கடைசி வருடமாம்.
கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

'கோடு நேரா இருக்கா?' என்கிறான் அடைக்கலராஜ்.
கோலுக்கு நடுவே குப்புறப் படுத்து
கன்னம் மண்ணில் பதியப் பார்க்கிறேன்.
'நேராத்தான் இருக்கு. இன்னொரு பூச்சுப் பூசு.
பளிச்சுனு தெரியணும்.'
'எதுக்குடா? நம்ம கோலுக்குள்ள பந்து வந்தாத்தானே?'
'வந்தா தெரியணும்.'

அவன் சிரித்தான்.
வாளியில் இன்னும் பாதிச் சுண்ணாம்பு இருந்தது.