பைகளைச் சோதிக்கவும்

துவைக்கப் போடுமுன் பைகளைச் சோதிக்கவும் என்று
இயந்திரத்தின் மேல் நான்கு மொழிகளில் இருந்தது.
தமிழ் இல்லை. ஐந்தாவதாக நான் கரியால் எழுதினேன்.
கரிக்கா பஞ்சம்?

அஹ்மதியில் அந்த மார்ச் மாதம்
பகல் பதினொரு மணிக்கு
வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின.
எண்ணெய்க் கிணறுகள் எரிந்துகொண்டிருந்தன.
கொடியில் போட்ட வெள்ளைத் துண்டு
எடுக்கையில் புள்ளி புள்ளியாய்.
மறுபடி துவை. மறுபடி புள்ளி.

சிப்பாய்களின் பைகளில்
சூயிங்கம், சீட்டுக்கட்டின் ஒற்றை ராணி,
அப்புறம் மாத்திரை அட்டைகள்.
இருபத்தொன்றில் நான்கு மட்டும் பிரித்தவை,
ஒன்றுகூடப் பிரிக்காதவை,
காலியான பிறகும் எறிய மனமின்றி
மடித்து வைத்தவை.
விஷவாயு வந்தால் காப்பாற்றுமாம்.
வராவிட்டால் என்ன செய்யும் என்று
அட்டையில் இல்லை.

ப்ரூயட் என்று பெயர் தைத்த சட்டையில் ஒரு தாள்:
செவ்வாய், விரல் மரத்தது.
புதன், சளி கறுப்பு.
தூக்கம் இரண்டு மணி நேரம்.
பிள்ளை பெறலாமா, கேட்க வேண்டும்.
கடைசி வரியை அடித்து, எழுதி,
மறுபடி அடித்திருந்தான்.

கண்டெடுத்ததை மருத்துவக் கூடாரத்தில் கொடுப்பது விதி.
நான் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தி
அதே பையில் வைத்தேன்.

மறுநாள் வந்து நின்றான். படித்தாயா?
இங்கிலீஷ் தெரியாது என்றேன், இங்கிலீஷில்.
சிரிக்கவில்லை.
இந்தப் புகை துவைத்தால் போகுமா என்றான்.
சாக்கடையைக் காட்டினேன், மை போல ஓடியது.
இவ்வளவு போகும்.
மிச்சம்?
என் கைக்குட்டையை விரித்தேன்.
காலையில் இருமியது, அவன் புதன்கிழமையின் நிறம்.

அழுக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.
ரொம்ப நேரம். பிறகு
என் முழங்கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

கூடாரத்துத் தாதி வில்லரேயல்
ஒன்றுமில்லை, பயப்படாதே என்று
யாரிடமும் சொல்ல மாட்டாள்.
தெரியவில்லை என்பாள்.
தெரியாததை எழுதி வைப்போம், தேதி போடு.
அதற்காகவே அங்கே வரிசை நீளம்.

ஒப்பந்தத் தொழிலாளிக்குப் படிவம் கிடையாதாம்.
ப்ரூயட் தன் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.
அவள் என் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள்,
மூச்சை இழு, விடு, இன்னொரு முறை.
பின்பக்கம் எழுதினாள்.
சவரிமுத்து சவ்ரிமூட்டூ ஆனான்.
தேதி சரியாக இருந்தது.
அவன் பிள்ளை பற்றிய வரி
மறுபக்கத்திலிருந்து
என் பெயருக்குள் தெரிந்தது,
இரண்டு முறை அடித்தும்.