அட்வான்ஸில் கழித்தவை

லைப்சிக். நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
சாமான் போன வீட்டில் இரண்டு பேர் நடக்கிறோம்,
நாலு பேர் நடப்பதுபோல் கேட்கிறது.
குன்ஸே, கட்டட நிர்வாகத்து ஆள்,
அட்டையில் செருகிய படிவத்தோடு
சுவர் சுவராக நின்று நின்று போகிறார்.
கூடைக்குள்ளிருந்து மோட்டெ
ஒரு மணி நேரமாக எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மோட்டெ என்றால் அந்துப்பூச்சி.
வந்த முதல் வாரமே என் கம்பளிச் சட்டையில்
கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டவளுக்கு
வேறென்ன பெயர் வைக்க?

"ஜன்னல் பலகை, கீறல்."
அங்கே உட்கார்ந்துதான்
புறாக்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள்.
பதினாலு வருஷம்.
ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை.

"தரை, கறை, உள்ளங்கை அகலம்."
தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள்
ரோஸ்டாக் போய்வந்ததற்கு அவள் நீட்டிய பில் அது.
மணல் தட்டு பக்கத்திலேயே இருந்தது,
துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக.
அதன்பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை.

படிவத்தில் இடமில்லாதவையும் உண்டு.
அதிகாலை நாலு மணிக்கு மூக்கின்மேல் விழும் பாதம்.
சூப்பில் முடி. சூப்பை ஊற்றிவிட்டுப் புதிதாக வைத்தால்
அதிலும் முடி.
டெட்லெஃப் என்று ஒருவன்,
மூன்று மாதம் தும்மித் தும்மியே காதலித்தவன்,
டாக்டர் சீட்டை மேசையில் வைத்து
"நானா, அதுவா?" என்றான்.
மதில்மேல் பூனையாக
ஒரு ராத்திரிகூட நான் இருக்கவில்லை.
அவன் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நல்ல குடை.

நிமோனியா வந்த பிப்ரவரியில்
அவள் எனக்காக எதுவும் செய்யவில்லை.
யாரையும் கூப்பிடவில்லை, கண்ணீர் விடவில்லை.
வயிற்றின்மேல் ஏறி
நாலரைக் கிலோவாகப் படுத்தாள்.
சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் இறங்கி நின்று
உலகம் முடிந்ததுபோல் கத்தினாள்.
எழுந்தேன்.
சுவரைப் பிடித்து நடந்து டப்பாவைத் திறந்தேன்.
அப்படியே எனக்கும் ஒரு துண்டு ரொட்டி வெட்டிக்கொண்டேன்.

குன்ஸே சமையலறைக் கதவுச் சட்டத்தின் முன் மண்டியிடுகிறார்.
மடக்கு அளவுகோலை விரிக்கிறார்.
"பன்னிரண்டு சென்டிமீட்டர் முதல் எழுபத்தெட்டு வரை."
அவருக்கு அது ஒரே சேதம்.
அடியில் இருப்பவை குட்டியின் நகம், ஊசி குத்தியதுபோல்.
முழங்கால் உயரத்தில்,
டிராம் டிப்போவில் எனக்கு இரவு வேலை தொடங்கிய வருஷம்.
எழுபத்தெட்டு ஒரு கோடைக்காலம்.
அது முழுக்க அவள் கோபமாக இருந்தாள்,
எதற்கென்று கடைசிவரை சொல்லவில்லை.
பிறகு கீறல்கள் இறங்குகின்றன.
அறுபது. நாற்பத்தைந்து.
இந்த வருஷத்தவை
குட்டியின் கீறல்கள் மேலேயே விழுந்திருக்கின்றன,
பென்சில் கோடுபோல், ஆழமில்லாமல்.
புது வீடு தரைத்தளம்.
எங்கள் இருவர் முட்டிக்கும் இனிப் படி ஆகாது.

"இதற்கு நூற்றெண்பது யூரோ."
"காசைக் கழித்துக்கொண்டால் கட்டை எனக்குத்தானே?"
சிரிக்கிறார்.
நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும்
பேனாவைத் திறந்து, மூடி,
"அது கட்டடத்தோடு சேர்ந்தது, திருமதி நொய்பெர்ட்" என்கிறார்.

சத்தம் சட்டென்று நிற்கிறது.
கத்தியபோது பார்க்காத கூடையை
இப்போது இருவரும் பார்க்கிறோம்.
கம்பி வழியே ஒரு பாதம் வந்து
குன்ஸேயின் கால்சட்டையைத் தொடுகிறது, மாட்டிக்கொள்கிறது.
அவர் காலை இழுக்கவில்லை.
குனிந்து, பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளி,
நூல் அறாமல்
நகம் நகமாக விடுவிக்கிறார்.
பழகிய கை.

"எங்கள் வீட்டில் இரண்டு" என்கிறார்.
கொஞ்சம் கழித்து,
"சொந்த வீடு."

கையெழுத்துப் போடுகிறேன்.
பேனா முனையில் ஒரு முடி சிக்கி
என் பெயரின் கடைசி எழுத்து மட்டும்
தடித்துப்போகிறது.