பலகைக்கு நூற்றிருபது சொல்

ஆணையாளர் கேட்டது நூற்றிருபது சொல்.
மேலே போனால் பலகையில் கொள்ளாது,
எழுத்துச் சிறுத்தால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்
கண்ணாடி தேடுவார்கள் என்றார்.
நாவலடிக்குளம்: வரலாறும் வனப்பும்.
தலைப்பே மூன்று சொல்லைத் தின்றுவிட்டது.

கந்தோர் மின்விசிறி கோப்புகளைப் புரட்ட
முதல் வரியை நாலுதரம் எழுதினேன்.
அரசர் காலத்தது என்கிறார் கோயில் தர்மகர்த்தா.
ஒல்லாந்தன் கல்லுக்குத் தோண்டிய பள்ளம் என்கிறார்
நில அளவையாளர் எமிலியானுஸ்.
மாடு குளிப்பாட்ட வெட்டினது, வேறென்ன என்கிறாள்
கரையில் கச்சான் விற்கும் பூமலர்.
மூவரையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தேன்.
"பழமை வாய்ந்த" என்று வந்தது.

தம்பி அகிலதாசன் ஹாங்சோவில் படிக்கிறான்,
பாலம் கட்டும் படிப்பு. அங்கும் ஊர் நடுவே ஓர் ஏரி.
குரல் செய்தி விடியப்புறம் வரும்:
"அக்கா, இதுவும் ஒருக்கால் தூர்ந்ததுதான்.
பாசி மூடிப் பாதி வயலாப் போச்சுதாம்.
ஊரை ஆள வந்த ஒருத்தர், கவிதையும் எழுதுவாராம்,
அள்ளின சேத்தை எங்கை கொட்டுறதெண்டு தெரியாமல்
ஏரிக்கு நடுவாலை றோட்டாப் போட்டார்.
ரெண்டு பக்கமும் மரம். அலரியிலை மாதிரி இலை,
ஆனா தலைமயிர் விரிச்ச மாதிரித் தொங்கும்.
தொளாயிரம் வருசமாச் சனம்
சேத்துக்கு மேலைதான் நடக்குது."
பின்னால் மழை. யாரோ மூக்குச் சிந்தும் சத்தம்.

எங்கள் சேறு எங்கே போனது?
எனக்குத் தெரியும்.
பற்றுச்சீட்டுப் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது.
மூன்று வருசத்துக்கு முன், முந்நூற்றுப் பதினான்கு லோட்.
கூட வந்தவை: சைக்கிள் ரிம் இரண்டு,
மூடி திறக்காத சோடாப் போத்தல், பித்தளைச் செம்பு,
கை நிறையத் துவக்குக் கோதுகள்.
கோதுகளைப் படையினர் பையில் கட்டிப்போனார்கள்.
அதற்கு நான் சீட்டு எழுதவில்லை.
ஒற்றைக் கொலுசு ஒன்றும் வந்தது.
அதற்கும் எழுதவில்லை.

லோட் முழுக்கத் தேரைக்குளத்துக்குப் போனது.
அரை மைலுமில்லை.
மாரியில் முழங்கால் தண்ணீர்,
கோடையில் பெடியள் கிரிக்கெட் அடிக்கும் வெடித்த தரை.
ஒரு குளத்தின் வயிற்றை வழித்து
இன்னொன்றின் வாயை அடைத்தோம்.
மேலே எழும்பியது குளிரூட்டிய கலியாண மண்டபம்.
கார்த்திகை மழைக்குத் தேரைகள் இன்னும் வருகின்றன.
மணவறைக்குப் பின்னால் நின்று கத்துகின்றன.
நாதஸ்வரக்காரர் ஒருவர்
தவில்காரரைத் திரும்பி முறைத்தாராம்.

இதையும் எழுதினேன். பதினேழு சொல்.
ஆணையாளர் பேனை எடுக்கவில்லை,
பென்சிலால் மெல்ல வெட்டினார்.
"பிள்ளை, பூங்காவுக்கு வாறவை சந்தோசமா நிக்கட்டும்."
அந்த இடத்தில் "வண்ண நீரூற்று" ஏறியது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் போனேன்.
பலகையைத் தாளால் மூடியிருந்தார்கள்.
நீரூற்றுக் குழாயில் நீர்க்காகம் ஒன்று
சிறகைக் காயவிட்டிருந்தது.
அன்னப் படகுகள் பொலித்தீன் உறையோடு வரிசையில்,
கழுத்தில் இன்னும் "சீனத் தயாரிப்பு" ஒட்டு.
மருதமர நிழல் தண்ணீரில் நடுவரை வந்து
ஆகாயத்தாமரை வளைத்த இடத்தில் நின்றது.
வனப்புத்தான். பொய் சொல்லக்கூடாது.

தம்பி அனுப்பிய படமொன்று ஞாபகம் வந்தது.
ஆளுயரத் தூரிகையை ஏரியில் தோய்த்து
நடைபாதைக் கல்லில் ஒருவர் தண்ணீரால் எழுதுகிறார்.
வாசித்து முடிக்க முதல் காய்ந்துவிடுமாம்.
காய்ந்த இடத்திலேயே அடுத்ததை எழுதுவாராம்.

தும்புத்தடி ஒன்று கிடந்தது.
குளத்தில் தோய்த்து, புதுச் சீமெந்தில்
தேரைக் என்று எழுதி
கு போடக் குனிந்தபோது
தே இல்லை.
வைகாசி வெயில்.
மறுபடி தோய்த்தேன்.

காவலாளி தூரத்தில் நின்றே கத்தினார்:
"மிஸ், அதிலை நனைக்காதேங்கோ!
ஆக்கள் வழுக்கி விழுவினம்."