ஏழு வீட்டுச் சாவி

ஏழு வீட்டுச் சாவி என் இடுப்பில்.
வெள்ளிக்கிழமை காலையில் போய்த் திறப்பேன்.
குழாயில் துருத்தண்ணீர் போகவிட்டு,
கக்கூஸில் ஒரு வாளி ஊற்றி
(ஊற்றாவிட்டால் வளைவு காய்ந்து நாற்றம் ஏறும்)
ஃபேனைப் பத்து நிமிடம் சுற்றவிட்டு
போட்டோ எடுத்து அனுப்புவேன்.
நியூஜெர்சியிலிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.
மாதம் வீட்டுக்கு ஐந்நூறு.

மன்னார்குடியில் பூட்டிக் கிடப்பவை
என் கையில் மட்டும் ஏழு.

என் வீடு ஒற்றை அறை.
இளவழகனுக்குக் கல்யாணமானதிலிருந்து
நடுவே என் பழைய பூனம் சேலை.
அந்தப் பக்கம் அவர்கள் கிசுகிசுக்கக்கூட மாட்டார்கள்.
இந்தப் பக்கம் நான் இருமலை விழுங்குவேன்.
அவன் அப்பா லோடு வண்டியிலேயே படுத்துக்கொண்டார்.
காற்று நல்லா வருதாம்.
கொசுவும்தான்.

டூவீலர் ஷோரூமில் அவனுக்குப் பன்னிரண்டாயிரம்.
துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் மேகலாவுக்கு எட்டு.
வண்டித் தவணை, குழுக்கடன், அவள் தம்பி பீஸ் எல்லாம் போக
வாடகைக்கு மூவாயிரத்து ஐந்நூறு தாளும்.
அதற்குமேல் ஒரு ரூபாய் என்றாலும்
சோற்றில்தான் கை வைக்க வேண்டும்.

பங்குனியில் தொடங்கினோம்.
முதல் வீட்டில் பத்து மாத அட்வான்ஸ்.
அடுத்ததில், கறி சமைப்பீங்களா.
மூன்றாவது பிடித்திருந்தது, ஜன்னலுக்கு வெளியே முருங்கை.
அந்த அம்மா காபிகூடக் கொடுத்தாள்.
டம்ளரைக் கீழே வைக்கும்போது கேட்டாள்,
"ஊர்ல எந்தத் தெரு?"
சொன்னேன்.
நேற்று ராத்திரியே யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்களாம்.
இப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

தென்கரை வீட்டு சாருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்,
நாலு தடவை அழித்து அழித்து.
மாடி ரூம் மட்டும் போதும் சார்,
மாசம் பொறந்தா மொத தேதி குடுத்துடுவான்.
ரெண்டு நாள் கழித்து வந்தது பதில்:
"வாடகைக்கு விட்டா வீடு கெட்டுப் போயிடும்மா."
அந்த வெள்ளிக்கிழமை
மாடிச் சுவரில் கரையான் கோடு இழுத்திருந்தது.
அது விழாதபடி போட்டோ எடுத்து அனுப்பினேன்.
கட்டைவிரல் வந்தது.

கடைசியில் நீடாமங்கலம்.
ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உரக்கடை மாடி.
படியேறும்போதே யூரியா வாடை.
கேட் மூடினால் லாரிகள் விடாமல் அலறுகின்றன.
மூவாயிரத்து எண்ணூறு.
அந்த முந்நூறை நான் தருவதாக
மேகலாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.
அட்வான்ஸுக்கு என் தோடு சொசைட்டிக்குப் போனது.
காதில் வேப்பங்குச்சி.

உரக்கடைக்காரர் மூட்டை எண்ணிக்கொண்டே சொன்னார்:
கரண்ட் யூனிட்டுக்குப் பத்து ரூபா.
காலைல ஆறுக்குள்ள தண்ணி புடிச்சிரணும்.
செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது.
சொந்தக்காரவுங்க ராத்தங்கக் கூடாது.
"அம்மாகூடவா?" என்றான் இளவழகன்.
நான் முந்திக்கொண்டேன்,
"நான் எங்கடா வரப்போறேன்."

இவர் வண்டியிலேயே சாமானை ஏற்றினோம்.
ஒரே நடை, அதிலும் பாதி இடம் காலி.
பால் பொங்கியபோது ரயில் போனது.
பாத்திரமும் நாங்களும் சேர்ந்து அதிர்ந்தோம்,
மேகலா சிரித்துவிட்டாள்.
அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

இங்கே சேலையை அவிழ்த்துவிட்டேன்.
இவர் இன்னமும் வண்டியில்தான் படுக்கிறார்.
பழகிப்போச்சாம்.

போன வாரம் போய்ப் பார்த்தேன்.
கல்யாண போட்டோ தரையில்
சுவரோரம் சாய்ந்து நிற்கிறது,
அரிசி டின்னை அண்டக்கொடுத்திருக்கிறார்கள்.
கடைசி பஸ்ஸுக்கு அவனே வந்து ஏற்றிவிட்டான்.

இன்று வெள்ளி.
தென்கரை வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர் தெளியும்வரை நின்றிருந்தேன்.
கூடத்தில் மட்டும் பதினொரு ஆணி.
ஒன்றில் நாலு வருடத்துக்கு முந்திய காலண்டர்.
மற்றதில் ஒன்றுமில்லை.