கு

பெட்ரோலுக்கும் வண்டி வாடகைக்கும் கணக்கெழுத
நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
ராத்திரி ஆட்டோ. புஷ்பா தியேட்டர் ஸ்டாண்டு.
பனியன் கம்பெனிகள் ஒன்றரை ஷிப்ட் விட்டதும்
வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், சாமுண்டிபுரம்.
அதற்கப்புறம் விடியும்வரை
யார் கை காட்டுகிறார்களோ அவர்கள்.

மார்கழி பிறந்தால் நோட்டில் ஓரெழுத்து விழும்.
கு.
கு என்றால் குழந்தை.
தாராபுரம் ரோடு, பெரியாஸ்பத்திரி,
பேரம் பேசாத சவாரி.

"வவுத்தால போகுதுங்ணா, வாந்தியும் நிக்கலீங்,
வெசயாப் போங்ணா."
இதைத் தமிழில் சொல்லத் தெரியாதவர்களும் ஏறினார்கள்.
ஒரிசாக்காரப் பெண் ஒருத்தி
பிள்ளையின் வயிற்றுத் தோலை
இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிக் காட்டினாள்.
விட்ட பிறகும் அது
மெஷினுக்குக் கொடுக்க மடித்த துணி மாதிரி
தூக்கியே நின்றது.
அதைப் பார்த்தபின் நான்
சிக்னல் எதையும் பார்க்கவில்லை.

படிப்பு எட்டாவது. ஆனாலும்
பின்கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்:
உரக்க அழுகிற பிள்ளைக்குப் பயமில்லை.
அழுதும் கன்னம் காய்ந்திருந்தால்
நொய்யல் பாலத்தில் பிரேக்கைத் தொடாதே.
உச்சிக்குழி உள்ளிறங்கி
அழவும் மறந்துவிட்டதென்றால்
பேசிக்கொண்டே ஓட்டு, அம்மாவிடம், எதையாவது.

ஒருதரம் அப்படிப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.
அவள் இறங்கவில்லை.
அந்தச் சவாரியை நோட்டில் எழுதவில்லை.
பினாயில் வாங்கிய முப்பது ரூபாய் மட்டும் இருக்கிறது.

பிற்பாடு எனக்கும் ஒரு மகள், சம்யுக்தா.
ஆறாவது வாரம், புதன்கிழமை, நகர்நல மையம்.
வசந்தாமணி சிஸ்டர் வாயோரம் ஐந்து சொட்டு விட்டார்.
"இது ரோட்டா. பேதிக்குங்க."
என்னவோ பாயசம்போல இவள் சப்புக்கொட்டினாள்.
பிறகு தொடையில் ஊசி. வீறிட்டாள்.
நான் கன்னத்தைத் தொட்டேன்.
காய்ந்திருந்தது.

"சிஸ்டர், கண்ணீரே வரலீங். கண்ணீரே வரலீங் சிஸ்டர்."
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அந்தம்மா சிரிக்கவில்லை,
அதற்காகவே அவர் நல்லா இருக்கட்டும்.
"ஆறு வாரத்துக் கண்ணுக்குத் தண்ணி இன்னும் ஊறலீங்க தம்பி.
பால் குடிக்குதா? ஒண்ணுக்குப் போகுதா? பின்ன என்ன?
பத்தாவது வாரம் வாங்க. பதினாலுக்கும் தவறாம வாங்க."

"இதுக்கப்புறம் வவுத்தால போகவே போகாதுங்களா?"

"போகும். வேற கிருமியும் இருக்குதில்லீங்க.
ஆனா பிள்ளைகளைப் பிழிஞ்செடுத்ததுல இதுதான் பெருசு.
இனி அது வந்தாலும் பெரும்பாலும்
ஆஸ்பத்திரி வரைக்கும் இழுக்காது.
கை கழுவுங்க. உப்புச் சர்க்கரைப் பொட்டலம்
வீட்டுல எப்பவும் ரெண்டு இருக்கட்டும்."

ஆஸ்பத்திரி வரைக்கும் இழுக்காது என்றால்
என் வண்டி வரைக்கும் இழுக்காது என்று அர்த்தம்.

வீட்டில் பழைய நோட்டுகளைப் புரட்டினேன்.
முன்னொரு மார்கழியில் பதினொரு கு.
போன மார்கழியில் இரண்டு.
இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும்.
இப்போது வீட்டுக்கொரு டூவீலர்.
கூப்பிட்டால் நூத்தெட்டு வருகிறது.
ஸ்டாண்டில் புதிதாக ஆறு ஆட்டோ வேறு.
"ராத்திரியில பொழப்பே இல்லீங்" என்று
பக்கத்து வண்டி நாச்சிமுத்து சலித்துக்கொண்டான்.
டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு
நானும் ஆமாம் என்றேன்.
எவ்வளவு சந்தோஷமாக ஆமாம் என்றேன் என்பதை
வட்டிக்கு வண்டி வாங்கியவனிடம்
எப்படிச் சொல்வது?

பதினாலாவது வாரம்.
சொட்டுக்குச் சப்புக்கொட்டி, ஊசிக்கு வீறிட்டு,
மடியில் மல்லாந்து கிடந்தவளின்
இடது கண்ணில் மட்டும் ஒன்று திரண்டு
உருண்டு
காதுக்குள் போய் விழுந்தது.

கோகிலவாணி முந்தானையை எடுத்தாள்.
சித்த இரு, என்றேன்.