குத்தூசி

காபிக்கொட்டை, மிளகு, கொத்தமல்லி, துவரை.
லீ பஜாரில் முப்பத்தொரு வருஷம்
எந்த மூட்டையின் வாயையும் நான் நம்பினதில்லை.
வாயில் எப்போதும் நல்ல சரக்குதான் இருக்கும்.
நடுவயிற்றில் இறக்கணும் ஊசியை.
குழிவில் உருண்டு வருவதை
உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றைக் கடித்து
விலை சொல்லிவிட்டு நடப்பேன்.
உருவின பிறகு முனையால் சாக்கை நாலு தேய்ப்பு.
சணல் இழை கூடிக்கொள்ளும்.
குத்தின இடம் குத்தினவனுக்கே தெரியாது.

மண்டி எடைமேடையில் ஒருநாள் விளையாட்டாக ஏறி நின்றேன்.
ஒன்பது கிலோ காணோம்.

இப்போது ஐந்து ரோடு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
இடப்பக்கம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள்.
பல்லுக்கிடையே பிளாஸ்டிக் வளையம்.
தொண்டையில் அடித்த மருந்து கசந்து
நாக்கு யாருடையதோ போல் கிடக்கிறது.
கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதாம்.
கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரத்துக்கும்
கணையமரம் என்றே பேர்;
தூக்கம் வராத ராத்திரி மகன் பள்ளி அகராதியில் பார்த்தேன்.

"வாய்வழியாத்தான் போறோம் இருசப்பன்,
குழாய் நுனியில இருந்து சத்தம் போகும்,
மோதித் திரும்பறதுதான் படம்" என்றார்
டாக்டர் தில்லைக்கரசி.
உங்கள் காதுக்குக் கேட்காத சத்தம் என்றும் சொன்னார்.

திரையில் மலையில் இறங்கும் பனி மாதிரி சாம்பல்.
நடுவே கறுப்பாய் ஒன்று,
புளியங்கொட்டை அளவு.
சிவப்பும் நீலமுமாய் ஓடும் ரத்தக்குழாய்களை
ஒதுக்கி ஒதுக்கி ஊசி போகிறது.
பாதி மயக்கத்தில் எனக்கு
வலி இல்லை, எண்ணிக்கை மட்டும் கேட்கிறது.
எட்டு, ஒன்பது, பத்து.
உள்ளேயே விசிறிபோல் திசை மாற்றிக் குத்துகிறார்.

மூலையில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த ஜெபசீலி
கண்ணாடிச் சில்லில் இழுகிப் பார்த்து,
"ரத்தம்தான் டாக்டர். செல் பத்தலை."

நாகலூர் மாரக்காள்.
ஏழு மூட்டை காபி, ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினாள்.
ஒரே குத்து. பூசணம்.
ஏழுக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் குறைத்தேன்.
"இன்னொரு மூட்டையும் குத்திப் பாரு சாமி."
பசி நேரம். பார்க்கவில்லை.

வளையத்தைக் கடித்துக்கொண்டு
இன்னொரு இடம் குத்துங்க என்று சொன்னேன்.
ஊளை மாதிரிதான் வந்திருக்கும்.
அவர் அதற்குள் குத்தியிருந்தார்.

வியாழக்கிழமை ரிசல்ட்.
"கெட்டது இல்லைன்னு வந்தாலும்
அது முடிவில்லை. திரும்ப எடுக்க வேண்டி வரலாம்."
தெரியும் டாக்டர் என்றேன்.
எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

டவுன் பஸ்ஸில் பாவாயி பில்லை நாலாய் மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைக்கிறாள்.
என் கை சட்டைக்குள் போய்
மேல்வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது.
வெளியில் துளையே கிடையாது.
"வலிக்குதா?"
"இல்ல" என்கிறேன்.
கை நிற்கவில்லை.