ஒருவருக்கு ஒரு மணி

காம்பியா ஆற்றின் வடகரையில்
எங்கள் வார்டில் வாக்குச்சீட்டு கிடையாது.
கோலிக்குண்டு.
ஆளுக்கு ஒன்று. கண்ணாடி.
திரைக்குப் பின்னே கட்சிக்கொரு தகர டிரம்;
அதன் கழுத்துக்குள் உருண்டு
ஒரு மணியைத் தட்டிவிட்டு விழும்.
வெளியே உட்கார்ந்து அதைக் கேட்பது என் வேலை.
ஒருவருக்கு ஒரு மணி.
இரண்டு கேட்டால் எழுந்து ஓட வேண்டும்.

அதனால் அன்றைக்கு மட்டும்
சைக்கிள் மணிக்குத் தடை.
மீன்காரர் கெக்கூட்டா சண்டை போட்டார்;
காவலர் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது.
கழற்றிய மணி என் மேசையில்,
மை புட்டிக்குப் பக்கத்தில், செதில் ஒட்டியபடி.

ஜனாதிபதி தேர்தலென்றால் வரிசை
அரிசி மில்லைச் சுற்றி வளையும்.
இது வார்டு உறுப்பினர் தேர்தல்.
மதியம் வரை நாற்பத்தொன்று.
ஆடு ஒன்று வந்து வரிசை இருக்கவேண்டிய நிழலில் படுத்தது.
"தண்ணீர் வராத குழாயை
ஜனாதிபதியா வந்து பார்ப்பார்?" என்று
தீடா மட்டும் இரண்டு மகள்களை இழுத்துக்கொண்டு வந்தாள்.
டிங். டிங். டிங்.
பிறகு மறுபடி ஆடு.

நாலே முக்காலுக்குக் கெக்கூட்டா வந்தார்,
கூடையில் பாதி மீன் அப்படியே.
மணி இல்லாமல் ஒரு கதவும் திறக்கவில்லையாம்.
கூவிப் பார்த்ததில் தொண்டைதான் போயிற்றாம்.
"என் மணியைக் கொடு."
"சாவடி மூடட்டும். அதுவரை
உள்ளே ஒன்று இருக்கிறது, போய் அடியுங்கள்."
எரிச்சலில்தான் சொன்னேன்.

அவரோ அட்டையைத் தேடத் தொடங்கினார்.
சட்டைப்பையில் இல்லை, இடுப்பில் இல்லை,
மீனுக்கு அடியில் இருந்தது.
விரலை மையில் தோய்த்து உள்ளே போனார்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
உருளும் சத்தம். அப்புறம்
டிங்.
வெளியே வந்தவர் முகம் சுளித்தார்:
"சின்ன மணி. என்னுடையது தெருமுனை வரை கேட்கும்."

இரவு, துளைப்பலகையில் கொட்டி எண்ணினோம்.
ஒன்பது குண்டு வித்தியாசம்.
ஒரே ஒரு குண்டில் மீன் வாசம் அடித்தது.
எந்த டிரம்மிலிருந்து என்று
என்னைக் கொன்றாலும் சொல்ல மாட்டேன்.

விடிந்ததும் புது உறுப்பினர் வீட்டு வாசலில் மணிச்சத்தம்.
மீன் வாங்கத் தட்டோடு வந்தார் அவர் மனைவி.
கெக்கூட்டா கூடையைத் திறக்கவில்லை.
"குழாய் என்றைக்கு?" என்றார்.
மறுபடி அடித்தார்.
மறுபடி.
ஒருவருக்கு ஒரு மணி என்ற சட்டம்
நேற்று ஐந்தோடு முடிந்துவிட்டது.